அறச்சலூர்ப் பாறையும் என் பரணில் கிடக்கும் அட்டைக் கட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்காக உங்கள் பத்திரிகையில் ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் நாலு கட்டம் கட்டி, ஒன்றில் அறிவியல், ஒன்றில் கலை, ஒன்றில் வணிகம், மூலையில் சின்னதாகக் கைத்தொழில் என்று எழுதி, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் கனமாகக் கறுப்புக் கோடு இழுத்திருந்தீர்கள் பாருங்கள், அந்தக் கோட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் இல்லை என்று வெட்டுவதானால் என் வீட்டுக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், அறச்சலூர்ப் பாறையைப் பற்றி எழுதினதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் சென்னிமலைக்காரன். முப்பது வருஷத்துக்கு மேல் ஜக்கார்டு தறிக்கு கிராப் போட்டு, அதாவது கட்டத் தாளில் டிசைன் வரைந்து, அட்டை குத்தின ஆள். கட்டம் போடுவதே பிழைப்பாக இருந்ததால் யார் எங்கே கட்டம் போட்டாலும் என் கண் முதலில் அங்கேதான் போகும்.

எங்கள் பக்கத்தில் ஜக்கார்டு என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், தெரியும் என்பதாலேயே யாரும் நின்று பார்ப்பதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தறிக்கு மேலே ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து தொங்கும் கயிறுகள் கீழே நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைப் பிடித்திருக்கும். பெட்டிக்குள் நெட்டுக்குத்தாகக் கொக்கிகள், ஒவ்வொரு கொக்கிக்கும் குறுக்கே ஒரு ஊசி. நெசவாளர் மிதியை மிதித்ததும் ஒரு அட்டை வந்து அத்தனை ஊசிகளின் மூக்கிலும் முட்டும். ஊசிக்கு நேரே அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி அதற்குள் போய்விடும், கொக்கி நின்ற இடத்திலேயே நிற்கும், மேலே ஏறுகிற கத்தி அந்தக் கொக்கியைத் தூக்கிக்கொண்டு போகும், பாவு இழை எழும்பும். ஓட்டை இல்லை என்றால் அட்டை ஊசியைப் பின்னால் தள்ளிவிடும், கொக்கி கத்தியில் மாட்டாமல் விலகிக்கொள்ளும், இழை கீழேயே கிடக்கும். எழும்பினதற்கும் கிடப்பதற்கும் நடுவில் குறுக்கு நூலான ஊடையை இழுத்துக்கொண்டு நாடா ஓடும். அவ்வளவுதான். அடுத்த மிதி, அடுத்த அட்டை. ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை என்ற இந்த ரெண்டு பேச்சை வைத்துக்கொண்டுதான் மாங்காய், மயில், அன்னம், கோபுரம் எல்லாம் போர்வையில் வந்து உட்காருகின்றன.

அதற்கு முன்னால் என் வேலை. கட்டம் போட்ட தாளில் நெட்டு வரிசை ஒவ்வொன்றும் ஒரு கொக்கி, குறுக்கு வரிசை ஒவ்வொன்றும் ஒரு அட்டை. மயிலை வரைந்து, இழை எழும்ப வேண்டிய கட்டத்துக்கெல்லாம் சிவப்பு அடித்து, அப்புறம் வரிவரியாகப் படித்துக் குத்த வேண்டும். இதில் ஆரம்பத்தில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் ஒரு இடம் உண்டு. தாளில் வட்டம் போட்டால் துணியில் முட்டை வரும்! பாவு இழை அங்குலத்துக்கு 60, ஊடை 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளில் 40க்கு 40 கட்டத்தில் போட்ட வட்டம் துணியில் அகலம் முக்கால் அங்குலம்கூட வராது, உயரம் மட்டும் ஒரு அங்குலம் வந்து நிற்கும். அதனால் தாளிலேயே கணக்குப் பார்த்துப் படுக்கை முட்டையாக வரைய வேண்டும், அது தறியில் ஏறி வட்டமாக நிமிரும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், விகிதம் என்ற பாடம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஏறவே இல்லை, ஒரு ரோஜாப் பூ சொல்லிக்கொடுத்தது.

நூலுக்கும் டிசைனுக்கும் உள்ள சங்கதியும் இப்படித்தான். பவானி ஜமக்காளத்தில் ஏன் அந்தப் பட்டை பட்டையான கோடுகள்? கோடுதான் அழகு என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தத் தடித்த பருத்தி நூலில் நுணுக்கமான பூ வராது, பட்டைதான் வரும். வந்த பட்டையைச் சிவப்பும் பச்சையும் நீலமுமாக அடுக்கி, கல்யாண வீட்டில் விரித்தால் தூரத்திலிருந்தே இது பவானி என்று தெரிகிற மாதிரி செய்துவிட்டார்கள். செயற்கைப் பட்டு நூல் வந்த பிறகுதான் அதன் கரையில் பூ ஏறியது. இதில் நூலின் முறுக்கு எங்கே முடிகிறது, அழகு எங்கே ஆரம்பிக்கிறது என்று உங்கள் கறுப்புக் கோட்டை எடுத்துவந்து வைத்துப் பாருங்கள், நிற்காது.

சரி, நான் செய்த தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த ரெண்டாவது வருஷம், 240 கொக்கிப் பெட்டிக்கு ஒரு மயில் கரை. ராத்திரி விளக்கில் குத்தினேன். ஏதோ ஒரு அட்டையில் ஒரே ஒரு ஓட்டை சேர்ந்து விழுந்துவிட்டது. பதினான்கு போர்வை இறங்கின பிறகுதான் யாரோ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் கூப்பிட்டு அனுப்பினார். திட்டவில்லை. போர்வையை மடியில் விரித்து, "மயிலுக்குக் கழுத்துல நரை உழுந்திருச்சு பாரு சாமி" என்றார். பார்த்தால் ஒவ்வொரு மயிலுக்கும் அதே இடத்தில், நூல் பிசகாமல், வெள்ளையாக ஒரு இழை! தப்பு ஒன்று, மயில் எத்தனையோ அத்தனை நரை. அப்புறம் அட்டைக் கட்டை இறக்கி, ஒவ்வொன்றாகக் கிராப்பில் வைத்துத் தேடி, அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து, பழைய அட்டையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, மைதாப் பசையில் ஒட்டினேன். காயும் வரை விரலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த வாரக் கூலியில் பிடித்தம் ஆனதும் ஞாபகம் இருக்கிறது.

இதை என் மகள் வயிற்றுப் பேத்தியிடம் ஒரு நாள் சொன்னேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். சிரித்துவிட்டு, "அப்புச்சி, நீங்க போட்டது பேட்ச்சுங்க" என்றாள். எனக்குப் புரியவில்லை. விளக்கினாள். பழைய கம்ப்யூட்டர்களுக்கும் புரோகிராம் ஓட்டை போட்ட அட்டையிலும் காகித நாடாவிலும்தான் போகுமாம். தப்பு வந்தால் அந்த இடத்தை வெட்டிவிட்டு வேறு துண்டு ஒட்டுவார்களாம், வேண்டாத ஓட்டைமேல் காகிதம் ஒட்டி மூடுவார்களாம். அந்த ஒட்டுக்குப் பெயர் பேட்ச். இன்றைக்கு நம் போனில் அடிக்கடி அப்டேட் என்று வந்து நம்மைப் படுத்துகிறதே, அதற்குள் வருவதையும் அதே பெயரில்தான் சொல்கிறார்கள். மைதாப் பசை மட்டும் போய்விட்டது.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. பேத்தியை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிச் சொல்லிக் கேட்டதில் தெரிந்துகொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விஷயம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

பிரான்சில் லியோன் என்று ஒரு ஊர். பட்டு நெசவுக்குப் பேர்போனது. அங்கே பூப் போட்ட பட்டு நெய்யும்போது எந்த இழை எழும்ப வேண்டும் என்று பார்த்துக் கயிறு இழுத்துவிட ஒரு ஆள் தனியாக வேண்டும். 1725இல் பசீல் பூஷோன் என்பவர் அந்த வேலையை ஓட்டை போட்ட காகிதச் சுருளுக்குக் கொடுத்தார். அவர் யார் தெரியுமா? ஆர்கன் என்கிற இசைக்கருவி செய்கிறவரின் மகன். எந்தச் சுரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்று உருளையில் முள் அடித்து வைத்துவிட்டால் தானே பாடுகிற கருவிகள் அந்தக் காலத்திலேயே உண்டு. அப்பாவின் பட்டறையில் வளர்ந்த பையனுக்குச் சுரமும் இழையும் ஒன்றாகத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1728இல் ஃபால்கன் என்பவர் சுருளை விட்டுவிட்டு அட்டைகளைக் கோத்தார். அப்புறம் வோகான்சன். இவர் 1739இல் இறக்கை அடித்து இரை தின்கிற மாதிரி ஒரு இயந்திர வாத்துச் செய்து ஊரையே வேடிக்கை பார்க்க வைத்தவர், அவரும் தறிக்கு வந்து சேர்ந்தார். இவர்கள் எல்லோரும் விட்ட இடத்திலிருந்து எடுத்து 1804இல் ஜோசப் மேரி ஜக்கார்டு செய்ததுதான் எங்கள் பெட்டி. இசைப் பட்டறை, பொம்மை வாத்து, பட்டுத் தறி. இந்த மூன்றும் உங்கள் பக்கத்தில் எந்தக் கட்டத்தில் வரும்?

1839இல் லியோனில் ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்திருக்கிறார்கள். அதற்குப் போன அட்டை சுமார் 24,000. நான் முப்பது வருஷத்தில் குத்தினதெல்லாம் சேர்த்தால்கூட அதை எட்டுமா என்று யோசித்துக்கொண்டே ரெண்டு நாள் திரிந்தேன். பார்த்தவர்கள் அதை நெய்தது என்றே நம்பாமல் அச்சடித்த படம் என்று நினைத்தார்களாம். அதில் ஒன்றை இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் வாங்கித் தன் வீட்டில் மாட்டி வைத்திருந்தார். கம்ப்யூட்டருக்குத் தாத்தா என்று பாடப்புத்தகத்தில் வருகிறாரே, அவரேதான். அவர் திட்டம் போட்ட கணக்கு இயந்திரத்துக்கு உத்தரவு கொடுக்கிற வேலையை ஜக்கார்டு அட்டைக்கே கொடுத்திருந்தார். கடைசிவரை அந்த இயந்திரம் முழுசாகக் கட்டப்படவில்லை, அது வேறு கதை. 1843இல் அடா லவ்லேஸ் அந்த இயந்திரத்தைப் பற்றி எழுதும்போது, ஜக்கார்டு தறி பூவும் இலையும் நெய்கிற மாதிரி இது இயற்கணிதக் கோலங்களை நெய்கிறது என்று எழுதினார். நெய்கிறது என்ற வார்த்தையையே போட்டிருக்கிறார் என்று பேத்தி வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் கண் கலங்கித்தான் போயிற்று, வயசாகிவிட்டது.

பிறகு அட்டை அமெரிக்கா போனது. 1890ஆம் வருஷ மக்கள்தொகைக் கணக்கை ஹொலரித் என்பவர் ஓட்டை அட்டையில்தான் எண்ணினார். அவர் ஆரம்பித்த கம்பெனி வேறு கம்பெனிகளோடு சேர்ந்து 1924இல் ஐபிஎம் என்று பெயர் மாறியது. இதெல்லாம் கூகுளில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் விட மனசில்லை. 1969இல் நிலாவுக்குப் போன அப்போலோவில் இருந்த கம்ப்யூட்டரின் நினைவகம் கையால் கோத்தது. சின்னச் சின்னக் காந்த வளையங்கள், அவற்றுக்கு நடுவே செப்புக் கம்பி. கம்பி வளையத்துக்குள் போனால் ஒன்று, வெளியே சுற்றிப் போனால் சைபர். மாசசூசெட்ஸில் ஒரு தொழிற்சாலையில் பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஊசியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொடுத்து வாங்கிக் கோத்திருக்கிறார்கள், நெசவு வேலை தெரிந்தவர்களும் அதில் இருந்திருக்கிறார்கள். ஒரு கம்பி தப்பாகப் போனால் நிலாவுக்குப் போகிற வழியில் மயிலுக்கு நரை விழுந்த கதைதான், அங்கே மைதாப் பசையும் கிடையாது.

வெளிநாட்டுக் கதையாகவே இருக்கிறதே என்பீர்கள். தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்று ஒரு பேராசிரியர் இருந்தார். அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனும் 1974இலேயே கோலத்தை வைத்துக் கம்ப்யூட்டர் இலக்கணக் கட்டுரை எழுதி, அது வெளிநாட்டு ஆய்விதழில் வந்திருக்கிறது. புள்ளி வைத்துச் சுற்றும் கம்பிக் கோலத்தை எந்தெந்த விதியால் வளர்த்துக்கொண்டே போகலாம் என்று பார்த்திருக்கிறார்கள். என் வீட்டம்மா மார்கழியில் தினமும் அதைத்தான் வாசலில் செய்கிறாள், அவளுக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை, பால்காரன் மிதித்துவிட்டுப் போகிறான் என்ற கோபம்தான்.

இனி அறச்சலூர். இதற்குத்தான் இவ்வளவு தூரம் இழுத்து வந்தேன்.

சென்னிமலையிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் அறச்சலூர். அங்கே நாகமலையில் ஒரு பாறையில் பழைய எழுத்து இருக்கிறது. வெளி உலகத்துக்குக் கொண்டுவந்தவர் நம் ஈரோட்டுப் புலவர் செ. இராசு. தமிழ் பிராமியிலிருந்து வட்டெழுத்துக்கு மாறுகிற காலத்து எழுத்து, 1500 வருஷத்துக்கும் மேல் பழையது என்கிறார்கள். அதில் ராஜா யாரையும் காணோம், தானம் கொடுத்த கணக்கும் இல்லை. ஐந்துக்கு ஐந்தாக வெறும் தாளச் சொல்:

த தை தா தை த
தை தா தே தா தை
தா தே தை தே தா
தை தா தே தா தை
த தை தா தை த

ஆடலுக்கோ தாளத்துக்கோ உரிய சொற்கட்டு, தமிழ்நாட்டின் பழைய இசைக் கல்வெட்டு என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். இடமிருந்து வலம் படியுங்கள், வலமிருந்து இடம் படியுங்கள், மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, எப்படிப் படித்தாலும் அதேதான். பின்னால் வந்த புலவர்கள் மாலைமாற்று என்றும் சுழிகுளம் என்றும் பெயர் வைத்து விளையாடினார்களே, அந்த விளையாட்டு நம் மேட்டாங்காட்டுப் பாறையில் அப்போதே நடந்திருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தியோடு போனேன். மலை ஏற முழங்கால் ஒத்துழைக்கவில்லை, ரெண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினேன். பாறையில் எழுத்து எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை, வெயில் வேறு, புத்தகத்தில் அச்சடித்திருந்ததை வைத்துக்கொண்டு விரலால் தடவாமல் தூரத்திலிருந்தே ஒப்பிட்டுப் பார்த்தோம். வீட்டுக்கு வந்தும் மனசு அங்கேயே இருந்தது. பழைய கிராப் தாள் ஒன்றை எடுத்தேன். பழக்க தோஷம். 25 கட்டம். தா வருகிற கட்டத்துக்கெல்லாம் சிவப்பு அடித்தேன். எட்டுக் கட்டம். அடித்து முடித்துக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால், டைமண்ட்! எங்கள் ஊர்ப் போர்வைக் கரையில் ஆயிரம் தடவை நான் போட்ட அதே டைமண்ட். அதற்குள் நாலு தே, அது இன்னொரு சின்ன டைமண்ட். நட்டநடுவில் ஒரு தை, பொட்டு வைத்த மாதிரி. நாலு மூலைக்கும் நாலு த. மூலையை ஒட்டி எட்டுத் தை.

பேத்தி எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பென்சிலை வாங்கிக்கொண்டு, "அப்புச்சி, பக்கத்துல இருக்கற மூலையிலிருந்து எத்தன கட்டம் தள்ளி இருக்குன்னு எண்ணுங்க" என்றாள். மூலையிலேயே நின்றால் த. ஒரு கட்டம் தள்ளினால் தை. ரெண்டு தள்ளினால் தா, மூன்று தே, நாலு தை. எந்தக் கட்டத்தை எடுத்தாலும் தப்பவே இல்லை. இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டால் 25 சொல்லையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், ஐந்து சொல் போதும். அவள் லேப்டாப்பைத் திறந்து நாலைந்து வரி அடித்தாள், பாறையில் இருந்தது திரையில் வந்து நின்றது. ஐந்தை ஒன்பது ஆக்கி, புதுச்சொல் நாலு சேர்த்து, இன்னும் பெரிய டைமண்ட் போட்டுக் காட்டினாள். நாங்களும் அப்படித்தான் செய்வோம், ரெண்டு பக்கமும் ஒன்றாக வருகிற டிசைன் என்றால் பாதி கிராப் போட்டால் போதும், மறுபாதியைத் தறியில் கயிறு கட்டுகிற விதத்திலேயே புரட்டிவிடலாம்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழன் அன்றே கம்ப்யூட்டர் கண்டுபிடித்தான், அறச்சலூரில் தறி டிசைன் பாறையில் இருக்கிறது என்று தயவுசெய்து யாரும் இதை வாட்ஸாப்பில் தலைப்புப் போட்டு அனுப்பிவிட வேண்டாம். நான் அதைச் சொல்லவில்லை. அது தாளச் சொல், துணி இல்லை. துணிக்காரன் பார்த்தால் அதில் டைமண்ட் தெரிகிறது, கம்ப்யூட்டர் படிக்கிற பெண் பார்த்தால் விதி தெரிகிறது, சலங்கை கட்டினவர் பார்த்தால் கால் தானாக அசையும். பாறை ஒன்றுதான். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

ஆனால் அதை எழுதினவர் பெயரும் அங்கேயே இருக்கிறது, அதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. எழுத்தைப் புணர்த்தவன் (சேர்த்து அமைத்தவன்) மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று இருக்கிறது. வண்ணக்கன் என்றால் பொன்னையும் மணியையும் சோதித்துத் தரம் சொல்கிறவர். அதாவது கல்லை வெளிச்சத்தில் பிடித்து, பழுது இருக்கிறதா, நிறம் சரியா, பட்டை நேராக இருக்கிறதா என்று பார்க்கிற தொழில்காரர்! புறநானூற்றில் பாடின வடமவண்ணக்கன் தாமோதரனாரும் பெயரைப் பார்த்தால் அந்தத் தொழில்தான். பகலில் மணி பார்த்தவர்கள் இவர்கள், கவிதையும் தாளமும் பிறத்தியார் வேலை என்று ஒதுங்கிப் போகவில்லை.

மணி பார்க்கிறவருக்கு இந்தப் பக்கத்தில் என்ன வேலை என்றும் கேட்கலாம். சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது, பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர். அங்கே தோண்டினபோது பச்சைக்கல், பளிங்கு, சூதுபவளம் எல்லாவற்றிலும் மணி செய்த பட்டறைத் தடயங்கள் கிடைத்தன, இரும்பும் எஃகும் உருக்கின உலை கிடைத்தது, நூல் நூற்கும் தக்களி வட்டும் கிடைத்தது. பச்சைக்கல் வெட்டின படியூர் காங்கேயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ரோமாபுரியில் பிளினி என்பவர் பச்சைக்கல் பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் வருகிறது என்று எழுதி வைத்திருக்கிறார். உலைக்காரனும் மணிக்காரனும் நூல் நூற்றவளும் ஒரே ஊரில், ஒரே ஆற்றுத் தண்ணீர் குடித்துக்கொண்டு. (அந்த ஆற்றுத் தண்ணீர் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று ஆரம்பித்தால் கடிதம் வேறு பக்கம் போய்விடும், விட்டுவிடுகிறேன்.) மணியில் ஓட்டை போட்டால்தான் மாலையாகக் கோக்க முடியும். அவர்களும் ஓட்டை போட்டுப் பிழைத்தவர்கள்தான் என்று நினைத்தால் எனக்கு ஒரு சந்தோஷம்.

இப்போது உங்கள் கறுப்புக் கோட்டுக்கு வருகிறேன். இதே பேத்தி போன வருஷம் ஒரு கல்லூரியில் சேர்க்கைக்குப் போனாள், நானும் கூடப் போனேன். எனக்குப் படம் வரையவும் பிடிக்கும், கம்ப்யூட்டரும் பிடிக்கும், ரெண்டையும் சேர்த்துப் படிக்க வழி இருக்கிறதா என்று கேட்டாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஃபாரத்தைக் கீழே வைக்காமலேயே, "ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு இருக்காதம்மா, ஏதாவது ஒண்ணு முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டார். நல்ல மனுஷர்தான், பின்னால் இருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது, குழித்தறியில் உட்கார்ந்த எங்கள் அப்பாருக்கு ஒரு கால் மட்டும் இல்லை, ரெண்டு காலும் குழிக்குள்தான் இருக்கும், கை நாடாவில் இருக்கும், கண் டிசைனில் இருக்கும், வாய் ஏதாவது பாடிக்கொண்டிருக்கும், கணக்கு மனசுக்குள் ஓடும். ஏதாவது ஒன்றை முடிவு பண்ணு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் துணி இறங்கியிருக்காது.

பேத்தி கம்ப்யூட்டர் சயின்ஸில்தான் சேர்ந்தாள். ராத்திரி வரைகிறாள். அவள் பாடு போகட்டும்.

உங்களிடம் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. அடுத்த தடவை அந்தப் பக்கம் போடும்போது கட்டம் போடுங்கள், கட்டம் இல்லாமல் எனக்கும் பிழைப்பு நடந்ததில்லை, ஆனால் அந்த ஐந்துக்கு ஐந்து கட்டத்தைப் போடுங்கள். பிள்ளைகளே கலர் அடித்துப் பார்க்கட்டும், என்ன தெரிகிறது என்று எழுதி அனுப்பட்டும். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போகிற காசில் ஒரே நாளில் காலையில் அறச்சலூர், மதியம் ஒரு ஜக்கார்டு தறி, சாயங்காலம் கொடுமணல் என்று ஒரு சுற்றுக் காட்டிவிட்டு வரலாம், புளிசாதம் கட்டிக்கொண்டு போனால் போதும். கணக்கு வாத்தியாரும் டிராயிங் வாத்தியாரும் ஒரே வண்டியில் வர வேண்டும், அது மட்டும் என் நிபந்தனை.

இன்னொன்று. இப்போது எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துவிட்டது, டிசைன் பென் டிரைவில் போகிறது, அட்டை குத்த ஆள் தேவைப்படுவது குறைந்துபோயிற்று. அதில் எனக்கு வருத்தம் பாதி, நிம்மதி பாதி, கை விரல் இன்னும் வலிக்கிறது. ஆனால் என் வீட்டுப் பரணில் மூன்று அட்டைக் கட்டும் கையால் ஓட்டை குத்துகிற ஒரு பழைய பஞ்ச் கருவியும் கிடக்கின்றன. ஒரு கட்டு அந்த நரை விழுந்த மயில், ஒட்டுப் போட்ட அட்டை அதிலேயே இருக்கிறது. பக்கத்தில் எந்தப் பள்ளிக்கூடமாவது வாங்கி மாட்டி வைப்பதானால் இலவசமாகவே தருகிறேன். பத்திரிகை மூலமாகச் சொல்லி அனுப்பினால் போதும். வண்டி அவர்களே கொண்டுவர வேண்டும், பரணிலிருந்து இறக்க ரெண்டு ஆளும் வேண்டும், என்னால் இப்போது தூக்க முடியாது. மழைக்கு முன்னால் வந்தால் நல்லது, ஓடு ஒழுகுகிறது.

இப்படிக்கு,
பழைய அட்டைக்காரன்,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்.